மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளக்

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் நன்றாக வரும். ஒரகடத்தில் வேலை பார்த்துக்கொண்டு குன்றத்தூரில் வீடு எடுத்ததற்கு அதுதான் காரணம். மூன்று மாடி, ஆறு வீடு, ஒரே படிக்கட்டு. எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

நான் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். அங்கே நான் தீயைப் பற்றிப் பேசினால் இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். இங்கே மாடிப்படிக்கு அடியிலேயே நாலு மின்சார ஸ்கூட்டர்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஒன்று பற்றினால் புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். ஆட்கள் இறங்கவும் அதே வழிதான். வெளிச்சுவர் ஓரம் கொட்டகை போட்டு அங்கே நிறுத்துங்கள் என்று இரண்டு வருஷம் சொன்னேன்.

வீட்டுக்காரர் சபாபதி சிரித்தார். இரண்டாம் மாடி விமல் எல்லார் முன்னாலும் சொன்னான்: "சார், ஆர்டர் போடறதெல்லாம் கம்பெனியோட வெச்சுக்குங்க. இங்க நீங்களும் வாடகைக்குத்தான் கீறீங்க."

என் மகளும் அங்கே நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள்.

டிசம்பர் மழையில் விமலின் வண்டி அரை நாள் தண்ணீரில் நின்றது. அடுத்த வாரம் அவன் மனைவி தேவிப்பிரியா என்னிடம் வந்தாள். அந்தக் கட்டடத்தில் என்னைக் கேட்டு வந்த ஒரே ஆள் அவள்தான்.

"சார், சார்ஜ் போட்டா பேட்டரி கொதிக்குது. ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. இன்னா பண்றது?"

"பிளக்கைப் பிடுங்கிடும்மா. சர்வீஸ் ஆள் வர்ற வரைக்கும் யாரும் போடக் கூடாது" என்றேன்.

உடனே போய்ப் பிடுங்கினாள்.

வியாழக்கிழமை காலை என் மனைவியையும் மகளையும் வாலாஜாபாத்தில் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். விமல் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். எட்டு மணிக்குக் கீழே இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பிளக்கை எடுத்துச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, என் வழக்கமான ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். நாலு வண்டி எரிய வேண்டும், அவர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனியில் நாங்களே புகை போட்டுப் பயிற்சி கொடுப்பதில்லையா? சொன்னால் புரியாதவர்களுக்குக் காட்டத்தானே வேண்டும்.

பத்தே முக்காலுக்குப் பற்றியது. சபாபதி வாளியோடு ஓடி இரண்டு கையையும் சுட்டுக்கொண்டார். தேவிப்பிரியா கதவைத் திறந்து புகைக்குள் இறங்கியிருக்கிறாள். முதல் மாடித் திருப்பத்தில் கிடந்தாள்.

சுடுகாட்டில் விமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க சொன்னீங்களே சார். தலப்பாடா அடிச்சிக்கினீங்களே." அந்த ஒரு சொல்லுக்குத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

வேலை நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்ததாக நேற்று சொன்னேன். அதை மட்டும் திருத்திவிடுங்கள். அவளுக்கு அந்த வாரம் நைட் ஷிப்டு. நான் இறங்கும்போது அவள் வாசலில் செருப்பு ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. களைத்துப்போய் வந்து படுத்திருப்பாள். தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்று, சத்தம் வராமல்தான் இறங்கினேன்.