இருபதைத் தாண்டாத சைக்கிள்

ஐயோ தாயி, திருட்டுச் செல்லு இல்ல. ஒண்ணு என்னது, ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது, இந்தா கீறல் விழுந்து கெடக்கே, இது பக்கத்து வீட்டு இசக்கியம்மாகிட்ட இரவல் வாங்கினது. மடியில வச்சிக்கிட்டு பஸ்சு என்ன வேகத்துல போகுதுன்னு பாக்கேன். சிரிக்காத. அம்பாசமுத்திரத்துல ஏறினதுலேருந்து இதைத்தான் கட்டிக்கிட்டு அழுவுதேன்.

எல்லாம் அவுக சைக்கிளுக்காவத்தான். பழைய சைக்கிள்ல மோட்டாரு வச்சிருக்காக. மிதிக்க வேண்டாம், கைப்பிடியத் திருகினா அதுபாட்டுக்கு ஓடும். முப்பதுல போகும்னு கடைக்காரன் சொல்லிட்டான். இவுக செல்லுல வேகம் பாக்குத ஆப்பை ஏத்தி, சட்டைப்பையில போட்டுக்கிட்டு வயலுக்குப் போனா, பதினேழு. என் செல்லுல பதினாலு. இசக்கியம்மாதுல பத்தொம்பது. மூணும் மூணு விதமாச் சொல்லுது, மூணும் பொய்யிங்காக. கால்வாய்க் கரையில மரம் மறைக்கி, சேட்டிலைட்டுக்கு என்னையத் தெரியலன்னு ஒரு நாளு. எதுர்க்காத்து அடிக்குன்னு ஒரு நாளு. சோறு ஆறிப்போய்க் கெடக்கும், மனுசன் வாசல்ல நின்னு செல்லை ஏசிக்கிட்டு இருப்பாக. மூணு மாசமா இதே ரோதனை! எனக்கு வாற ஆத்திரத்துக்கு மூணையும் ஆத்துல வீசிரலாம்னு இருக்கு.

இன்னைக்கு அவுகளுக்கு மருந்து வாங்கத் திருநவேலிக்குப் போறேன்னதும், நல்லதாப் போச்சு, பஸ்சு மீட்டரும் செல்லும் ஒத்துப் போகுதான்னு பாரு, படிச்ச பிள்ள யாருகிட்டயாவது எழுதி வாங்கிட்டு வான்னுட்டாக. டிரைவர் தம்பிகிட்டப் போய்க் கேட்டா, யக்கா, அந்த முள்ளு நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து பூச்சியத்துலதான் படுத்துக் கெடக்குங்கான்! அதான் மூணு செல்லையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாக்கேன்.

இங்கன பாரு. அம்பத்திரெண்டு, அம்பத்திரெண்டு, அம்பத்திமூணு. ஆமா, ஒண்ணுபோலத்தான் காட்டுது. வீரவநல்லூர்லேருந்து இப்படித்தான். அதுதான் எனக்கு வம்பே.

செல்லு சரின்னா சைக்கிள்லதான் கோளாறுன்னு தெரிஞ்சிரும்லா? உடனே மோட்டாருப் பெட்டியப் பிரிச்சிருவாக. உள்ள ரெண்டு வயரை முறுக்கி டேப்பு சுத்தியிருக்கு. அதைச் சேத்துவிட்டா வேகம் ஏறாதாம். மெக்கானிக்கு மதார்கிட்டக் கெஞ்சிக் கூத்தாடி அதைச் செய்யச் சொன்னதே நான்தான்.

பின்ன என்ன செய்ய? அவுகளுக்குக் கண்ணு நரம்பு பட்டுப்போச்சு தாயி. ரெண்டு கண்ணுலயும் ஓரம் தெரியாது, நேரா இருக்கது மட்டுந்தான் தெரியும். அதும் ரொம்ப நாளைக்கு இல்லன்னு டாக்டரு என்னையத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. சைக்கிளத் தொடவே விடாதீங்கன்னாரு. நான் அவுககிட்ட, சொட்டு மருந்து போட்டாச் சரியாயிரும்னு சொல்லி வச்சிருக்கேன். போன வாரம் எருமையில போய் முட்டிட்டு, எருமைக்குப் புத்தியில்லன்னு வந்து சொல்லுதாக. நான் எந்த வாயால சொல்ல? யாரு தொணையும் இல்லாம வயலுக்குப் போயிட்டு வாற இந்த ஒரு சந்தோசந்தான் அவுகளுக்கு மிச்சம்.

பேனா வச்சிருக்கல்லா? இந்தச் சீட்டுல எழுது. மொதச் செல்லு நாப்பது. ரெண்டாவது அறுவது. மூணாவதுக்கு நீயே ஒண்ணு போட்டுக்கோ தாயி. என்கிட்ட இருந்த பொய்யெல்லாம் தீந்துபோச்சு.