மர்செலுக்கு ஒரு சொட்டுப் பால்

— பாலை எதுக்குள்ளை அண்ணை ஊத்தினனீங்கள்?

— வாய்க்குள்ளைதான். ஒரு சொட்டு. போற உயிர் தொண்டை நனைஞ்சு போகட்டுமே.

— பாம்புக்கு?

— எந்த உயிரெண்டாலும் உயிர்தானே, தயா. வேலையாலை களைச்சு வந்தனி, முதல் இந்தக் கதிரையிலை இரு. உன்ரை மர்செல் போயிட்டான்.

— அவன் என்ரை மர்செல் இல்லை. என்னை மாதிரிப் பாம்பு வளக்கிற ழான்-லூக்கின்ரை மர்செல். என்ரை பெண் பாம்பு பவளத்தோடை சேத்துக் குட்டி எடுக்க இரவல் வாங்கினது. இண்டைக்குப் பின்னேரம் வந்து கொண்டுபோகப் போறார்.

— அதுதான் பிள்ளை, அந்தாளுக்கு என்னத்தைச் சொல்லுறதெண்டு பாக்கிறன்.

— என்ன நடந்தது?

— தண்ணி மாத்தச் சொன்னனி. மாத்துவமெண்டு பெட்டியைத் திறந்தன். கழுத்தை இப்பிடிப் பரத்திக்கொண்டு சீறினான். நல்லபாம்பேதான்! கையெடுத்துக் கும்பிட்டன். கும்பிட்டு முடியேல்லை, ஆள் நாலு சுத்துச் சுத்தி மல்லாந்தான். வாய் ஆவெண்டு, நாக்கு வெளியிலை. நாத்தம் வேறை.

— பிறகு?

— பாவமெண்டு குப்புறத் திருப்பி வைச்சன். திரும்ப மல்லாந்தான். திரும்பவும் வைச்சன். திரும்பவும் மல்லாந்தான்.

— அண்ணை, செத்தது தானாய்ப் பிரண்டு படுக்குமே?

— நான் அதைக் கடைசித் துடிப்பெண்டு நினைச்சன்.

— ஐயோ கடவுளே! இது ஹொக்நோஸ் அண்ணை. பண்டி மாதிரி மூக்கு நிமிர்ந்த சாதி. முதல் நல்லபாம்பு மாதிரி வெருட்டிப் பாக்கும். அது சரிவராட்டிச் செத்த மாதிரி நடிக்கும்.

— அப்ப உயிரோடை இருக்கிறானோ? முருகா! ஸ்டாலின்கிராட் மெற்றோவடிக் கால்வாயிலை விடுவமெண்டெல்லோ இருந்தனான்! நீயும் வந்து முகத்தைப் பாக்கட்டுமெண்டுதான் பொறுத்தன்.

— நான் தொட்டாலே செத்துப்போவான். அதாலைதானே இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லை. பவளத்தின்ரை பெட்டிக்குள்ளை விட்டவுடனை மல்லாந்திடுவான். அவள் சாப்பாடெண்டு நினைச்சிடுவாளெண்டு பயந்து உடனை தூக்கிடுவன். குளிர்காலம் முழுக்க அவளைக் குளிருக்குள்ளை உறங்க வைச்சு, எழுப்பி, கொழுக்க வைச்சது எதுக்கு? இந்த ஒரு முட்டைக்காலத்துக்கு. மற்றவை நகை சேக்கினம். எனக்கு இதுதான் ஆசை. இவன் இண்டைக்குப் போனானெண்டா இந்த வருசம் முட்டை இல்லை.

— வருத்தப்படாதை. உயிர் இருக்குத்தானே, அது போதும்.

— இப்ப எங்கை அவன்? அண்ணை, அவன்ரை பெட்டி வெறுமையாய்க் கிடக்குது.

— கோவிக்காதை. பிரேதம் சுத்த வெள்ளைத் துணிக்கு ஃபொபூர் சேன்-தெனித் தெருவிலை எங்கடை தமிழ்க் கடை முழுக்க அலைஞ்சன். எந்தக் கடைக்குப் போனாலும் கலியாணச் சீலையைத்தான் விரிக்கிறாங்கள். "ஆர் அண்ணை மோசம் போனது?" எண்டு கேட்டவனுக்கு என்னத்தைச் சொல்ல? கடைசியிலை உன்ரை துவாயைத்தான் எடுத்தன்.

— என்ரை புதுத் துவாயோ? அதை விடுங்கோ, ஆள் எங்கை?

— புருசன் போனா, பெண்சாதிக்குக் கடைசியாய் முகம் காட்டத்தானே வேணும்?

— பவளத்தின்ரை பெட்டிக்குள்ளையோ!

— பக்கத்திலை நேராய்க் கிடத்தினன். திருநீறும் பூசினன். நான் நிண்டா அழக் கூச்சப்படுவாளெண்டு மூடியைப் போட்டு, லைற்றையும் நூத்துப்போட்டு வந்திட்டன்.

— அவள் அவனிலும் ரெண்டு மடங்கு பெரிசு அண்ணை! காலமை அவளுக்கு எலி வைச்சனீங்களோ?

— செத்தவீட்டிலை ஆர் பிள்ளை உலை வைக்கிறது?

— பசியோடை கிடக்கிறவளிட்டை, துணியிலை சுத்திப் பொட்டலமாய்க் குடுத்திருக்கிறியள்! இதுக்குள்ளை முழுசாய் விழுங்கியிருப்பாள்!

— அப்பிடிச் சொல்லாதை. புருசனை ஆரும் விழுங்குவினமே?

— இவள் விழுங்குவாள்! தள்ளுங்கோ, நான் போய்ப் பாக்கிறன்.

— நில்லு, நானும் வாறன்... ஐயோ, பெல் அடிக்குது.

— ழான்-லூக்தான்.

— அந்தாள் வாற கூசேன்வில் றெயின் ஒருநாளும் நேரத்துக்கு வராது, இண்டைக்கெண்டு பாத்து வந்திருக்கு! என்னத்தைச் சொல்ல? எனக்கு "போன்சூர்", "மெர்சி"யை விட்டா மிச்சமெல்லாம் குசினி வேலையிலை பழகின சமையல் பிரெஞ்சு.

— பேசாமல் நில்லுங்கோ. மூடியைத் திறக்கிறன்.

— என்ன பிள்ளை, துவாய் மட்டும் கிடக்குதோ? அவளின்ரை வயிறு புடைச்சுக் கிடக்குதோ? வாயைத் திறந்து சொல்லன், தயா! திரும்பவும் பெல் அடிக்கிறான். நான் கதவைத் திறந்து அந்தாளின்ரை காலிலை விழப்போறன்.

— திறவாதேங்கோ அண்ணை, சத்தமும் போடாதேங்கோ. ரெண்டுபேரும் வாலோடை வால் பின்னிக் கிடக்கினம். உங்கடை செத்தவீடு கலியாணவீடாய்ப் போச்சு.