ஆறாம் தடத்துப் பங்காளி

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, வேலை முடிந்து சீருடையோடு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே!

நம் சுங்கச்சாவடியின் ஆறாம் தடத்தில் இருபத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்த 'பங்காளி' அண்ணனுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். நான் ஐந்தாம் தடம். நடுவே பத்தடி. நாங்கள் சேர்ந்து ஒரு டீ குடித்தது கிடையாது. ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடி வழியாகக் கையசைத்தே காலம் போனது.

அந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு லாரிக்காரர் அண்ணனிடம் சண்டைக்கு வந்தார்.

"வண்டி வாங்குறப்பவே வரி கட்டியாச்சு. ரோட்டுல போறதுக்கும் காசா?"

"கடன் வாங்கிப் போட்ட ரோடுண்ணே. நீங்க கொடுக்கறதுல பாதிக்கு மேல அந்தக் கடனுக்கும் வட்டிக்குமே போகுது. மிச்சத்துலதான் குழி மூடறது, விளக்கு, ஆம்புலன்ஸ் எல்லாம். உங்க பாரத்துக்கு ரோடு சீக்கிரம் தேயுது, அதான் கார்காரரைவிட ஜாஸ்தி."

"அப்போ ரோட்டுல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்லு."

"இல்லாமலா? பங்காளின்னா சண்டை போடத்தானே செய்வீங்க. போயிட்டு வாங்க பங்காளி."

லாரிக்காரர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எல்லா வண்டிக்கும் அதே வார்த்தைதான். நாமெல்லாம் பணம் வாங்கினோம். பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒருமுறை பழக்கதோஷத்தில் அமரர் ஊர்திக்கும் "போயிட்டு வாங்க பங்காளி" என்று சொல்லிவிட்டார். கட்டணம் இல்லாத வண்டி, தடுப்பைத் தூக்கினால் போதும். வாய் சும்மா இருந்ததா? அன்று முழுக்க அவர் தலை நிமிரவில்லை.

பிறகு, கட்டணத்தைத் தானாகவே கழித்துக்கொள்ளும் ஸ்டிக்கர் வண்டிக் கண்ணாடிகளில் வந்தது. யாரும் நிற்பதில்லை, யாரும் சண்டைக்கும் வருவதில்லை. "திட்டுறதுக்காவது ஒருத்தன் கண்ணாடிய இறக்க மாட்டானா?" என்று ஒருநாள் போனில் கேட்டார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

முந்தாநாள் அவரை ஏற்றிய ஊர்தி நம் சாவடி வழியாகத்தான் போனது. மூன்றாம் தடம். தடுப்பு தானாக உயர்ந்தது, வண்டி நிற்கவில்லை. நான் இடத்தைவிட்டு இறங்க முடியாமல் எழுந்து நின்றேன். ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை அண்ணி.

ஆறாம் தடத்தை மேலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எதற்குக் காசு என்று யாராவது கேட்டால் பொறுமையாகச் சொல்வேன். யாரும் நிற்காவிட்டால், மூடிய கண்ணாடிகளைப் பார்த்தாவது அவர் வார்த்தையைச் சொல்வேன். இது இந்தச் சபையில் நான் எடுக்கும் உறுதி.

தப்பென்று தெரிந்தேதான் முதல் தடவையாக இங்கே சொல்கிறேன்: போயிட்டு வாங்க, பங்காளி.