மடியில் இருந்த வாத்து முட்டை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூலியாக நுழைந்து போர்மேனாக வெளியே வந்தேன். என் காதுக்கு எதுவும் தப்பாது. மௌலா அலியில் பஸ் ஏறியதும் முன் சீட்டில் ஒரு பெரியம்மா பக்கத்திலிருந்த இளையவளிடம் சொன்னார்:

“எங்க வாத்து அடையில உக்காந்து, தன் முட்டைய தானே உடைச்சுடுச்சுடி மேரி. அஞ்சும் போச்சு.”

“கைக்கு, ஏன் அக்கா? வாத்து அவ்ளோ கனமா?”

“ஓடுதான் காகிதமாட்டம் இருக்கு. பேன் வரக்கூடாதுன்னு கூடை நிறைய டிடிடி தூவிதான் வெச்சேன். கொசு மருந்து அடிக்க வர்றவன்கிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிடுவேன்ல!”

“ஐயோ, நக்கோ, வேணாம் அக்கா! எங்க வீட்டுக்காரர் வேலை பாக்குற லேப்ல பேசிக்கிறாங்க. அது பறவை உடம்புல தங்கி, ஓடு கட்டவே விடாதாம்.”

“அப்ப திங்கிறவங்களுக்கு?”

“முட்டையிலயும் இறங்குமாம். யாரு திங்கிறா?”

பெரியம்மா மடியிலிருந்த முட்டைப் பையை இறுக்கிப் பிடித்தார்.

“திருமுல்கேரியில எம் பொண்ணு. முழுகாம இருக்கா, ஆறு மாசம். அடைக்கு வைக்காத மிச்ச முட்டைய அவளுக்குத்தான் கொண்டு போறேன்.”

“இப்ப என்ன சொல்லுவீங்க?”

“பஸ்ஸுல உடைஞ்சிடுச்சும்பேன். முட்டை ஓடு மெல்லிசா இருக்கறத ஏற்கனவே பாத்திருக்கா, நம்பிடுவா.”

இறங்கியதும் பையைச் சாக்கடையில் கவிழ்த்தார்.