படம் வேண்டாம் என்று சொன்னது நான்தான்

நான் மெதுவாகத்தான் படிப்பேன். எழுத்து எனக்கு நாற்பத்தெட்டு வயதில் வந்தது. அதுவரைக்கும் முதுகை வைத்துத்தான் பிழைப்பு. அதனால் விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையை முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மனம் ஒப்பவில்லை. 'இயங்குதள வடிவமைப்பில் நேர்ந்த பிழை' என்று போட்டு, அதைச் செய்த கண்ணாடி போட்ட மேடத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதில் பிழை ஒன்றும் கிடையாது ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் கம்பெனி பழைய அட்டை, காகிதம் எல்லாம் வாங்கி, அமுக்கிக் கட்டாக்கி விற்கிற கம்பெனி. அமுக்குகிற இயந்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர் திரை உண்டு. விரலால் தொட்டால் ஓடும், தொட்டால் நிற்கும். அதற்குள் இருந்த மென்பொருளுக்கு வருஷா வருஷம் வெளியாளுக்குப் பணம் கட்டி அலுத்துப்போன முதலாளி, நமக்கென்று சொந்தமாக ஒன்று செய்துகொள்வோம் என்றார். மேடம் வந்தது அதற்குத்தான். சும்மா கிடைக்கிற லினக்ஸை எடுத்து, நமக்கு வேண்டாததை எல்லாம் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் ஏற்றி, எல்லா இயந்திரத்திலும் ஒரே அச்சாகப் போடுவது. ஆயுசு முழுக்க லாரியில் சரக்கு ஏற்றி இறக்கியவனுக்கு இது ஒன்றும் புரியாத வித்தை இல்லை.

எனக்கு முதுகில் தட்டு விலகி, இனிமேல் மூட்டையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மேடத்துக்கு உதவியாகப் போட்டார்கள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வோர் இயந்திரமாக ஏற்றி வருவது என் வேலை. கொஞ்ச நாளில் மேடம் இன்னொரு வேலையும் கொடுத்தார்.

"அண்ணே, நீங்க இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்டவரு. திரையில இருக்கிறது உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி. எது வேணும், எது வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இங்கே என் சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் தங்கை புருஷன். இயந்திரப் பகுதிக்கு மேஸ்திரி. அந்த வேலை எனக்கு வரவேண்டியது என்று பலர் சொன்னார்கள், நான் சொன்னதில்லை. படித்த ஆளாகப் பார்த்துப் போட்டோம் என்றார் மேனேஜர். சகலையின் சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும், கக்கத்தில் மடித்த செய்தித்தாள் இருக்கும். நான் சாயங்கால வகுப்புக்குக் கிளம்பினால் வாசலில் நின்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பான்.

"என்ன சகலை, சிலேட்டு எடுத்துக்கிட்டியா? வாத்தியார் அடிச்சா சொல்லு, நான் வந்து பேசுறேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தங்கமான மனுஷன்தான். என் முதுகு போனபோது ஆஸ்பத்திரியில் தோளில் தாங்கி என்னை நடக்க வைத்தவன் அவன்.

ஆனால் பலகையில் ஏதாவது அறிவிப்பு ஒட்டினால் என் பக்கம் திரும்புவான். "என்ன போட்டிருக்கான் பாரு சகலை. கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்." அவனிடம் கண்ணாடியே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை சரக்கு சரிபார்ப்பு, எல்லாரும் கட்டாயம் வரவேண்டும் என்று ஒட்டியிருந்ததை, நாளைக்கு லீவு என்று வாசித்துக் காட்டினேன். மறுநாள் அவன் வரவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? கேட்டால், நீ ஏன் படிக்கவில்லை என்று யாராவது திருப்பிக் கேட்பார்களே.

பழைய திரையில் நிறுத்துவதற்குச் சிவப்புக் கை, ஓட்டுவதற்குப் பச்சை அம்பு. அமுக்குவதற்கு முன்னால் ஒரு சங்கும் ஊதும். எங்கள் கம்ப்யூட்டர்கள் கிழடு, இடம் போதவில்லை. படத்தையும் சத்தத்தையும் இறக்கிவிட்டால் வேகமாக ஓடும் என்றார் மேடம். ஆனாலும் தயங்கினார்.

"மெஷின்காரங்கள்ல படிக்கத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா அண்ணே? ஒருத்தர் இருந்தாலும் நான் படத்தை எடுக்க மாட்டேன்."

"யாரும் இல்ல மேடம்" என்றேன். "எல்லாரும் படிச்சவங்க."

படம் போனது. இரண்டு பொத்தானும் ஒரே சாம்பல் நிறம். இடது பக்கம் 'நிறுத்து', வலது பக்கம் 'ஓட்டு'. சகலை என் பின்னால் நின்று நான் தொடுவதைப் பார்த்தே இடத்தை மனப்பாடம் செய்துகொண்டான். கெட்டிக்காரன்.

இரண்டாம் பதிப்புக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். திரையில் மற்ற பட்டியல் எல்லாம் அகர வரிசையில் இருக்கிறது, 'ஓ' முன்னால், 'நி' பின்னால்தானே வரவேண்டும், இந்த இரண்டு மட்டும் ஏன் முறை மாறி நிற்கவேண்டும் என்றேன். மேடம் சிரித்தார். "வாத்தியார் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு. ஆனா பழகின கை தப்பாப் போயிடாதா?"

"காலையில திரையில அறிவிப்பு போட்டுடலாம் மேடம்."

அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்ததும் நான்தான். 'பொத்தான்களின் இடம் மாறியுள்ளது. கவனமாகப் பார்த்துத் தொடவும்.' பெரிய எழுத்து. ஒற்று எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று வாத்தியாரிடம்கூடக் காட்டிக்கொண்டேன்.

அன்று காலை சகலை திரைக்கு முன்னால் நின்றான். "என்ன சகலை போட்டிருக்கான்?"

"பெரிய எழுத்துதானே, நீயே படிச்சுப் பாரு."

என் முகத்தைப் பார்த்தான். இரண்டு ஆட்கள் பக்கத்தில் நின்றார்கள். "படிச்சாச்சு படிச்சாச்சு, சும்மா உன்னைச் சோதிச்சேன்" என்று சிரித்துவிட்டு 'சரி'யைத் தொட்டான்.

மதியத்துக்கு முன்னால் கம்பி சிக்கி இயந்திரம் தானாக நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று இடது கையால் 'நிறுத்து' இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே வலது கையை உள்ளே விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான் செய்வான். எனக்கு அது தெரியும். மென்பொருள் சொன்னதைச் செய்தது. அதனால்தான் பிழை இல்லை என்கிறேன்.

வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நஷ்டஈட்டு விண்ணப்பம் எல்லாம் நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். இடது கட்டைவிரலை வைக்கிறான். எழுதின கை போயிற்றே என்று பார்க்கிறவர்கள் பரிதாபப்படுகிறார்கள். இனி அவனை ஒருவரும் எழுதிக் காட்டச் சொல்லமாட்டார்கள்.

மேடத்தைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. பொய் சொன்னது நான். இடத்தை மாற்ற வைத்ததும் நான், இன்னாருக்காக என்று தெரிந்துதான். எழுதிக்கொள்ளுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள் ஐயா. சொந்தக்காரன். நாலு பேர் முன்னால் அவன் தலை குனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.