முப்பத்தொன்பது தசம் இரண்டு

அஷ்வின், சவுனாவுக்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது; நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது. அதனால் வியாழக்கிழமைகளில் நாலரை மணிக்கு நான் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவேன். நந்திதாவுக்கும் ஒன்று கொண்டுபோவேன். அவள் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை என்னிடம் தருவாள்.

உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும். நாங்கள் நீச்சலுக்குப் போவதாகத்தான் அவள் உங்களிடம் சொல்லியிருந்தாள். துறைமுகத்தில் மிதக்கும் ஒரு மர அறை அது. ஓர் அடுப்பு, அதன்மேல் சூடேறிய கற்கள், சுற்றிலும் பலகைப் படிகள். ஆண்களும் பெண்களும் நீச்சலுடையில் ஒன்றாக, அந்த வெக்கையில் வியர்க்க உட்காருவார்கள். "அத்தை மாமாகிட்ட இத எப்படி விளக்கறது? அஷ்வின்கிட்ட சொன்னா ஒரே நாள்ல உளறிடுவான்" என்றாள்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். "சிஸ்டர், நந்து மறுபடியும் கன்சீவ் ஆயிருக்கா. போன தடவை நாங்க எதையாச்சும் மிஸ் பண்ணிட்டமா? நீங்க கரு பத்தியே வேலை பாக்கறவங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதினால் வரிசையாக வரும்.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஸீப்ரா மீன்களை இருபத்தெட்டரை டிகிரி நீரில் வைத்திருக்கிறோம். அவற்றின் முட்டைகள் கண்ணாடி போன்றவை. கரு வளர்வதை வெளியிலிருந்தே பார்க்கலாம். சில முட்டைகளை எடுத்து முப்பத்தேழு டிகிரிக்குச் சூடாக்குவது என் வேலை. சூடு பட்டதும் உயிரணு தன் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்ற ஒன்றை அவசரமாகச் செய்யத் தொடங்கும். உள்ளே குலைந்துபோகும் மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். வளர்ந்த உடலுக்கு இது நல்லது. நிறுத்திய வேலையை நாளைக்குச் செய்துகொள்ளலாம். கருவுக்கு அப்படி முடியாது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. மிக இளைய கருவுக்கு அந்தப் புரதத்தைச் செய்யவே தெரியாது. அடுத்த நாள் நான் நுண்காட்டியில் பார்த்து எண்ணுவேன். வால் வளைந்தவை இத்தனை, தலை சரியாக அமையாதவை இத்தனை. எண்ணிய பிறகு பனிநீரில் போட்டுவிடுவேன். ஐந்து வருடமாக இதைச் செய்கிறேன். எண்ணிக்கை ஒரு முறையும் பிழைத்ததில்லை.

நந்திதாவை லோறென்ஸ்கூக் போகும் பஸ்ஸில் சந்தித்தேன். அவள் தவறான பஸ்ஸில் ஏறியிருந்தாள். "நீர் அடுத்த தரிப்பில இறங்கி மாறி ஏறும்" என்றேன். அவள் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டாள். "நீரா? ஏங்க, அரண்மனையிலிருந்தா வர்றீங்க?" என்றாள். நான் வெட்கப்பட்டு அடுத்த தரிப்பில் அவளோடு இறங்கிவிட்டேன். அது என் தரிப்பு அல்ல. நாற்பது நிமிடம் குளிரில் நின்று கதைத்தோம். கதைத்தது அவள்தான்.

மூன்று வருடங்கள், ஒவ்வொரு வியாழனும். எனக்கு வேறு சிநேகிதிகள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் மேலும் எனக்குக் கோபம் ஒன்றும் இருந்ததில்லை. உங்களுக்கு வெக்கை ஆகாது, அலுவலகம் முடிந்தால் சோபாவில் தூங்கிவிடுவீர்கள் என்று அவளே சொல்வாள். அவள் கைபேசியில் உங்கள் பெயர் வந்தால் நான் அதைக் கவிழ்த்து வைப்பேன். ஈரம் படக் கூடாது என்பதற்காக.

போன பெப்ரவரியில், உடை மாற்றும் இடத்தில், அவள் என் காதருகே வந்து சொன்னாள். "ரெண்டு கோடு வந்திருக்கு. எங்கம்மாவுக்குக்கூடச் சொல்லல. மூணு மாசம் ஆகட்டும், கண்ணு பட்டுடும். அஷ்வினுக்கு அப்புறம் உனக்குத்தான்."

நான் சந்தோஷம் என்றேன். அடுத்ததாக அவள் சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும். "இனிமே வியாழக்கிழமையெல்லாம் கஷ்டம்டி. அத்தை மாமா வந்துடுவாங்க, அப்புறம் குழந்தை. நீ வேற யாரையாச்சும் புடிச்சுக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். "இன்னிக்கு உள்ள போலாமா? கூகிள் பண்ணா பயமாயிருக்கு. நீதான் மீனுக்கு சூடு வெச்சுப் படிக்கறவ, நீ சொல்லு."

கடைசியாக எப்போது குளித்தீர் என்று கேட்டேன். மாதவிலக்கை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள்; அவள் குழம்பிப்போய், "இன்னிக்குக் காலைலதான்" என்றாள். பிறகு விளக்கிக் கேட்டுத் திகதியை வாங்கி மனதில் கணக்குப் பார்த்தேன். கருவுற்றுப் பதினேழாம் நாள். அந்த வயதில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளம் இருக்கும். ஒரு மில்லிமீற்றர் நீளமான ஒன்று என் வியாழக்கிழமைகளை எடுத்துக்கொண்டுவிட்டது. மூளை உருவாகும் குழாய் தலைப்பக்கம் மூடுவதற்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மருத்துவரிடம் முதல் சந்திப்புக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. அவள் கேட்டது என்னை மட்டும்தான்.

"ஒண்டும் செய்யாது" என்றேன்.

அன்று பத்து நிமிடம் இருந்தோம். அடுத்த வியாழன், இருபத்து நாலாம் நாள், நான் காதில் வைக்கும் வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோனேன். பாதுகாப்புக்காக என்றேன். "எவ்வளவு அக்கறைடி உனக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அகப்பையை நான் எடுத்தேன். ஆவி எழுந்து வெக்கை கூடுவதற்குக் கற்களில் வழக்கமாக இரண்டு முறை தண்ணீர் விடுவார்கள். அன்று அறையில் நாங்கள் இருவர்தான். ஐந்து முறை விட்டேன்.

பத்து நிமிடத்தில் அவள் எழுந்தாள். அது அவள் வழக்கம். "கொஞ்சம் இரும், ஒரு விசயம் சொல்லோணும்" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று மூன்று வருடத்தில் சொன்னதேயில்லை. ஏழு வயதில் நோர்வேக்கு வந்ததைச் சொன்னேன். பள்ளியில் ஒரு வருடம் முழுவதும் வாய் திறக்காமல் இருந்ததை, ஆசிரியை என்னைச் செவிடு என்று நினைத்துக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பியதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், இன்னிக்குத்தான் வாயத் தொறந்திருக்க. எந்திரிக்கவே மனசு வரலடி" என்றாள். அவளுக்கு முகம் நன்றாகச் சிவந்திருந்தது. நான் மோர்டென்ஸ்ருட்டில் வீடு எடுத்த கதையையும் சொன்னேன். மொத்தம் இருபத்தாறு நிமிடம். வெப்பமானியை அவள் காதில் வைத்தேன். முப்பத்தொன்பது தசம் இரண்டு. அவளிடம் முப்பத்தேழரை என்று சொன்னேன்.

அவை எல்லாம் உண்மைக் கதைகள். அவளிடம் நான் பொய்க் கதை சொன்னதில்லை.

பன்னிரண்டாம் வாரம் திரையில் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். மண்டையோடு மூடவில்லை, பிறந்தாலும் உயிரோடு இருக்காது என்று மருத்துவர் சொன்னார். ஆரம்ப வாரங்களில் காய்ச்சல் வந்ததா, மாத்திரை ஏதும் எடுத்தாரா என்று அவர் கேட்டதாக நந்திதா என்னிடம் சொன்னாள். இல்லை என்று சொன்னாளாம். அவள் சொன்னது சரிதான். காய்ச்சல் வரவில்லை.

யாருக்கும் சொல்லாத கர்ப்பம் என்பதால் யாருக்கும் சொல்லாத இழப்பாகவும் ஆயிற்று. உங்கள் பெற்றோர் பயணச்சீட்டை இரத்துச் செய்தார்கள். வேலை அதிகம் என்று காரணம் சொன்னீர்கள். அவள் வியாழனோடு செவ்வாயும் சனியும் என் வீட்டுக்கு வந்தாள். என் மடியில் படுத்துக்கொண்டு, "என் உடம்புலதான் ஏதோ கோளாறு. எங்க சித்திக்கும் ஒண்ணு இப்படிப் போச்சு. அஷ்வின் வேற யாரையாச்சும் கட்டியிருக்கலாம்" என்பாள். நான் தலையைத் தடவிக்கொடுப்பேன். சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டாள். அவளுக்காகப் பருப்பை உங்கள் ஊர் முறையில் பூண்டு தட்டிப் போட்டுச் சமைக்கப் பழகினேன். அந்த வசந்த காலத்தைப் போல ஒன்று எனக்கு முன்பு இருந்ததில்லை.

சவுனாதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் விஞ்ஞானம் படித்தவள். அப்படி உட்கார்ந்த எத்தனையோ பெண்களுக்கு நல்ல பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. ஒரே ஒரு தரவை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. இரண்டாவது வேண்டும்.

போன வியாழன் அவள் மறுபடியும் என் காதருகே வந்து சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை. பலகைக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஆரணி, போன தடவையும் நாம போனமே. அதனால இல்லல்ல?"

"மீனுக்கும் மனுசருக்கும் என்ன சம்பந்தம்" என்றேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

"அப்ப இந்த மாசம் மட்டும் வர்றேன். அதுக்கப்புறம் அஷ்வின் விடமாட்டான். இந்தத் தடவை முழு லீவு போட்டு வீட்லயே இருக்கச் சொல்றான்."

நீங்கள் அப்படிச் சொன்னது அதுவரை எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் அழைத்தபோது, அவள் பின்னால் இருந்து ஏதோ சொல்ல, நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது கேட்டது.

அவள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்கள் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாது. அவளுக்கு நல்லதை மட்டும் நினைப்பவள் நான் ஒருத்திதான் என்று சில நேரம் தோன்றுகிறது.

இன்று புதன்கிழமை. நாளைக்கு இருபத்து மூன்றாம் நாள். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் தபால்பெட்டியில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை காலை.