திட்டில் உட்கார்ந்த செவலை

பெயர் அடைக்கலசாமி, தகப்பனார் பெயர் அந்தோணிமுத்து, வயது ஐம்பத்தெட்டு, பாபநாசம் தாலுகா கீழநத்தமேடு மாதாகோயில் தெருவில் குடியிருக்கிறேன். தொழில் விவசாயக் கூலி என்று எழுதியிருக்கிறார்கள். நாய் பழக்குவது என்றும் சேர்த்துக்கொள்ளவும்.

இந்த வழக்கில் நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறாவது வரைதான் படித்தேன் என்றாலும், பர்மாவில் வெள்ளைக்கார மேஜர் வீட்டு நாய்களைப் பழக்கியவன். மேஜர் சொல்லுக்கு நிற்காத நாய் என் இருமலுக்கு உட்காரும்.

இந்த வழக்குக்குக் காரணமான செவலை நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் ராமாயி. மிராசுதார் ரெத்தினம் அவர்களின் வயல் நடுவே இருந்த திட்டில் குடிசை போட்டிருந்த பண்ணையாள். நாய்க்கு ஒரு வேலைக்கு ஒரே சொல்தான் இருக்க வேண்டும், சொன்னபடி செய்த அந்த நொடியே கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும், தப்புச் செய்தால் அடிக்கக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவள் "இரு" என்பாள். செவலை உட்கார்ந்து அவள் கையை அண்ணாந்து பார்க்கும். ஒரு துண்டுக் கருவாடு விழும். வேறு வித்தை கிடையாது.

போன வருஷம், குடிசை போட்டிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டதும், மிராசுதார் குடிசையைப் பிரித்துப் போட்டு, திட்டை வெட்டிச் சமன் செய்து, வயலோடு சேர்த்து நடவு நட்டுவிட்டார். ராமாயி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடந்து ஐப்பசி மழையில் செத்துப்போனாள். அதன் பிறகு மிராசுதார் செவலையைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் போட்டார். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பி, அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டு வருகிறவனை நாய் பிடிக்க வேண்டும், சீட்டி அடித்தால் பாய வேண்டும் என்றார். நாயைப் பட்டினி போடாதீர்கள், பகல் முழுக்கக் கட்டிவைக்காதீர்கள், ஆள்மேல் ஏவிப் பழக்கினால் ஒருநாள் அது எந்த ஆள் என்று பார்க்காது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "பழக்குற வேலையப் பாரு. புத்தி சொல்ல ஊர்ல வேற ஆளு இருக்கு" என்றார். கடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த மட்டுமே பழக்கினேன். ஏவல் இல்லாமல் நான் பழக்கிய நாய் பாய்ந்தது கிடையாது. இதை வாக்குமூலம் வாங்கும் ஐயா அழுத்தமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பழக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். அவிழ்த்துவிட்டால் செவலை நேரே பயிருக்குள் போய், குடிசை இருந்த இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். ஒரு பெண்பிள்ளையின் கை இருக்கும் உயரத்தில் அதன் கண் நிற்கும். அதன் பிறகு எதையோ மெல்லும். நான் ஒருநாள் வாயைப் பிளந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. கருவாட்டு வாடை மட்டும் அடித்தது.

இந்தத் தை மாதம் அறுப்பு அன்று காலையில், அறுப்புக்கு வந்த காத்தானும் மற்ற ஆட்களும் வரப்பில் நின்று, கூலியைப் பேசி முடிக்காமல் கதிரில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். நான் மிராசுதாருக்குப் பின்னால் நின்றேன். அவர் சங்கிலியை அவிழ்த்துச் சீட்டி அடித்தார். செவலை ஆட்கள் பக்கம் திரும்பவே இல்லை. பயிருக்குள் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. மறுபடியும் சீட்டி அடித்தார். அது அண்ணாந்தபடியே இருந்தது. காற்று இல்லை. அதற்கு எதிரே இருந்த கதிர்கள் மட்டும், யாரோ விலக்கிக்கொண்டு நிற்பதுபோல் இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தன. அப்போது காத்தான் நின்ற பக்கத்திலிருந்து ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. செவலை எழுந்து, வாலை ஆட்டிவிட்டு, ஓடாமல், குரைக்காமல் நடந்து வந்து, காத்தானின் முழங்காலை உரசிக்கொண்டு தாண்டி, மிராசுதாரின் வலது மணிக்கட்டைப் பிடித்தது. அவர் உதறிக்கொண்டு வாய்க்காலில் விழுந்ததில் மதகுக் கல் தலையில் பட்டு, இன்றுவரை பேச்சில்லாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். செவலை திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை டீக்கடையில் சீட்டி விஷயத்தைச் சொன்னேன். அதை வைத்துத்தான் காத்தானைக் கொலை முயற்சி என்று கிளைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். அவன் சீட்டி அடிக்கவில்லை என்று வரப்பில் நின்றவர்கள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று அவன் மனைவி அம்சம் என் வாசலுக்கு வந்தாள். "மாமா, உங்க வாயால உள்ள போன ஆளு. உங்க வாயாலயே வெளிய வரட்டும்" என்றாள். அழவில்லை. கையில் அவனுடைய கதிர் அரிவாள் இருந்தது. அவன் முறைக்குத் தானே அறுக்கப் போவதாகச் சொன்னாள்.

மேலே கண்டதை ஐயா அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மேஜர் வீட்டு நாய் சங்கதி அப்படியே இருக்கட்டும். காத்தான் பக்கத்துச் சீட்டிச் சத்தம் மட்டும் நான் கட்டிச் சொன்னது; அதை அடித்துவிடவும். அவன் சீட்டி அடிக்கவில்லை. அந்த நேரம் யாருமே அடிக்கவில்லை. அடைக்கலசாமி பழக்கிய நாய் ஏவல் இல்லாமல் பாய்ந்தது என்று ஊர் பேசிவிடக் கூடாதே என்று, ஏவலுக்கு ஓர் ஆளை நானாக வைத்தேன். மற்ற எதையும் அடிக்க வேண்டாம். வாடை நிஜம். கதிர் விலகி நின்றது நிஜம். ஏவல் இல்லாமல் நான் பழக்கிய நாய் பாய்ந்தது கிடையாது என்பதும் நிஜம்.

இதைத் தெளிந்த புத்தியோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்லி, திருத்தியதை மறுபடி வாசிக்கக் கேட்டு, சரியென்று கண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) அ. அடைக்கலசாமி